ஆம்பூர்க்காரர் முதலில் காலைத்தான் பார்ப்பார்

சினிமாவில் காதல் கண்ணில் ஆரம்பிக்கும். ஆம்பூரில் காலில் ஆரம்பிக்கும்.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் ஒரு பெண்ணை முதன்முதலாகப் பார்க்கும்போது அவன் பார்வை நேராகக் கீழே போகும். என்ன செருப்பு, என்ன சைஸ், குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று கணக்கெடுத்த பிறகுதான் முகத்துக்கு ஏறும். "முப்பத்தாறு" என்பான் பக்கத்தில் நிற்கும் நண்பனிடம். "போடா, முப்பத்தேழு" என்பான் அவன். பெண்ணின் வயதைப் பற்றித்தான் சண்டை என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார். ஐரோப்பிய ஷூ அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் நடந்து போகிறவளின் காலில் அதைக் கண்டுபிடிக்கிற கண், ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் ஷூ அனுப்பி அனுப்பிப் பழகிய கண்.

மற்ற ஊர்களில் பெண்ணின் கை செருப்பை நோக்கிப் போனால் பையன் ஓட வேண்டும். எங்கள் ஊரில் செருப்புதான் பரிசு. நெடுஞ்சாலை ஓரமாக எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் ஷூ விற்கிற கடைகளில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். சம்பளம் வாங்கிய கையோடு ஒரு பையன் பெண்கள் ஷூ அடுக்கின் முன்னால் வியர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருப்பான். கடைக்காரர் ஒன்றும் கேட்க மாட்டார். அவரும் ஒரு காலத்தில் அப்படி நின்றவர்தான்.

என் பெரியம்மா மகள் ஒருத்தி ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவள். அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை வேறொரு கம்பெனியில் அந்த மேல்பாகத்தை அச்சில் இழுத்துப் பொருத்துகிற லாஸ்டிங் பிரிவு. அவர் இப்படி ஒரு ஜோடி வாங்கி வந்து கொடுத்தார். எங்கள் அக்கா அதைக் காலில் போட்டுப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்க லைன்ல தச்சது" என்றாள்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தச்சவளுக்குத் தெரியாதா? இங்க பாரு, இந்த வளைவுல மெஷினைத் திருப்பறப்ப ஒரு தையல் நெருக்கமா வுழுந்து கீது. அது நான். நான் தச்சதையே எனக்கு வாங்கினு வந்து குடுக்கறியா?"

மாப்பிள்ளை கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "கடையில அத்தினி ஜோடி இருந்துச்சு. அதுல உன்னுதா பார்த்து எடுத்தேன் பாரு!"

அவர் தெரிந்து எடுத்தாரா, தெரியாமல் எடுத்தாரா என்பது இன்றுவரை அந்த வீட்டில் முடியாத வழக்கு. அந்த ஷூ மட்டும் பீரோவுக்குள் பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரமில்லாத மலை என்று அடுக்குவார்கள். பெண்களைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துச் சொல்வார்கள். அந்த வரியை நான் எழுத மாட்டேன். அதைக் கட்டிவிட்டவர் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஒருமுறையாவது வந்திருந்தால் கட்டியிருக்க மாட்டார். மற்றவற்றுக்கும் பதில் இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல நூறு ஆண்டுகள் பூசையில்லாமல் கிடந்த கருவறைக்கு 1981 மார்ச் மாதம் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்பி வந்தது. கோட்டையில் ராஜாவும் இருந்தார். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ராணிகளோடு அங்கேதான் சிறையிருந்து 1832இல் இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. பாலாறும் 2021 நவம்பரில் இரு கரையும் முட்டிக்கொண்டு போனதை ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. மலையை மட்டும் விட்டுவிடுகிறேன். வேலூர் வெயிலுக்கு எந்த மரந்தான் தாங்கும்?

இந்த "இல்லாத" பட்டியலில் யாரும் சேர்க்காமலே சேர்ந்துவிட்ட ஒன்று உண்டு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் சீமைக்குக் கனவில்லை, பாட்டில்லை, காதலில்லை என்று வெளியே ஒரு நினைப்பு. எங்களைத் தேடி வருகிறவர்கள் இரண்டு காரணத்துக்காக வருகிறார்கள்: நோய் வந்தால் வேலூர், பசி வந்தால் ஆம்பூர். நடுவில் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மூக்கைப் பொத்துகிறவர்கள் ஒருமுறை தோலைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். என் நைனாவுக்குத் தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலை. உப்புப் போட்டு வரும் பச்சைத் தோல் ஊறலுக்குப் போகும், சுண்ணாம்புக்குப் போய் முடி கழியும், சவ்வு சீவுவார்கள். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தினார்கள். பிறகு குரோம் வந்தது. பெரிய மர டிரம்மில் சுற்றி வெளியே எடுத்தால் வெளிறிய நீலத்தில் ஈரமாக வரும். வெட் புளூ என்போம். அதை மேசையில் விரித்து நைனா உள்ளங்கையால் ஒரு தடவை தடவுவார். தடவிக்கொண்டே சொல்வார்: "இது முள்ளுக்காட்டுல மேஞ்ச ஆடு. இங்க கம்பி வேலி கிழிச்சுக் கீது. இது உண்ணி கடிச்ச தடம். இது நல்லா வளத்தவங்க வீட்டு ஆடு." ஓர் ஆடு எங்கே மேய்ந்தது, எங்கே தாண்டிக் குதித்தது, யார் அதைப் பிரியமாக வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் அந்தத் தோலில் இருக்கும். காயம் குறைந்தது முதல் தரம். காயம் நிறைந்ததை உள்பக்கத்துக்கும் லைனிங்குக்கும் தள்ளுவார்கள். நைனாவுக்குக் காயம் நிறைந்த தோல்களின்மீதுதான் பேச்சு அதிகம். முதல் தரத்தைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒன்றும் இருக்காது.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிக்குத்தான் போவார். எலுமிச்சம்பழத் தோலும் சீயக்காயும் அங்கே தயாராக இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் சுண்ணாம்பு வாசம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அம்மா அவர் வருகிற நேரம் பார்த்து மல்லிகைப்பூ வைத்துக்கொள்வாள். ஏன் அந்த நேரத்தில் வைக்கிறாள் என்று சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகு, சங்க இலக்கியத்தில் எந்தத் தலைவியும் எனக்கு அம்மாவுக்கு மேலாகத் தெரியவில்லை.

பாட்டுக்கு வருவோம். இந்தச் சீமையின் சங்கீத சபா எது என்று கேட்டால் ஷூ கம்பெனி வேன் என்பேன். விடிகாலையில் மாதனூர், ஆலங்காயம், பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வருகிற வேன்களும் பஸ்களும் ஒவ்வொன்றும் ஒரு கச்சேரி. டிரைவர் அண்ணன்தான் வித்வான், சபா செயலாளர், விமர்சகர் எல்லாம். காலை முதல் பாட்டு சாமிக்கு. பிள்ளையார் பாட்டு ஒன்று, நாகூர் ஹனிபா ஒன்று, ஏசு பாட்டு ஒன்று. மூன்று முடிவதற்குள் வேன் நெடுஞ்சாலை ஏறிவிடும். அதற்கப்புறம் இளையராஜாதான்.

திரும்பி வரும்போது கதையே வேறு. பாட்டைத் தேர்ந்தெடுக்கச் சட்டதிட்டங்கள் உண்டு. கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு முதல் உரிமை. அவள் கேட்கிற பாட்டைத்தான் போட வேண்டும், எத்தனை தடவை கேட்டாலும். வீட்டுக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவளுக்கு ஜன்னலோர சீட்டும் ஒரு சோகப் பாட்டும். ஒரு சோகப் பாட்டுதான். இரண்டாவது கேட்டால் பின்சீட்டிலிருந்து பெரியக்கா குரல் வரும்: "ஏம்மா, நாங்கல்லாம் சண்டை போடலியா? போதும், குத்துப் பாட்டு போடுங்கண்ணா." ஒருமுறை சண்டை போட்டவளின் வீட்டுக்காரரே பஸ் நிற்கிற இடத்தில் வந்து காத்திருந்தார். டிரைவர் அண்ணன் ஒன்றும் பேசாமல் பாட்டை மாற்றி ஒரு டூயட்டை வைத்தார், சத்தத்தைக் கூட்டினார். வேன் முழுக்கச் சிரிப்பு. அவள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாள். அவர் டிபன் பாக்ஸ் பையை வாங்கிக்கொண்டார். சமாதான உடன்படிக்கை இவ்வளவு சுருக்கமாக எங்கேயும் எழுதப்பட்டதில்லை.

வேலை நேரத்தில் பேசக் கூடாது. பாடினால் கண்டுபிடிக்க முடியாது. நூறு தையல் மெஷின் ஒன்றாக ஓடுகிற இரைச்சலுக்குள் ஒருத்தி முனகுவது பக்கத்து மெஷினுக்கு மட்டும் கேட்கும். அவள் அடுத்த வரியை எடுப்பாள். இப்படியே ஒரு பாட்டு லைனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேரும். சூப்பர்வைசர் நடந்து வந்தால் பாட்டு நிற்கும். அவர் தாண்டிப் போனதும் விட்ட இடத்திலேயே பிடிக்கும். தாளம் தவறாது. அக்கா சொல்வாள், மெஷினின் மிதியே அவர்களுக்குச் சுருதிப் பெட்டி என்று.

இந்த வேன்களில் மல்லிகையைப் பற்றிய ஒரு பாட்டுக்கு எப்போதும் கிராக்கி. 1974இல் வந்த "தீர்க்கசுமங்கலி" படப் பாட்டு. எம்.எஸ்.விஸ்வநாதன் இசை. அதைப் பாடிய வாணி ஜெயராம் வேலூரில் பிறந்தவர் என்று நான் ஒரு நாள் சொன்னபோது வேனே நம்பவில்லை. "நம்ம வேலூரா?" என்று கேட்டாள் ஒரு பெண். நம்ம வேலூரேதான். 1945 நவம்பர் 30. வீட்டில் வைத்த பெயர் கலைவாணி. பிள்ளைகள் நிறைந்த, சங்கீதம் நிறைந்த குடும்பம். கர்நாடக சங்கீதத்தை முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் குழந்தையின் காது இலங்கை வானொலியில் வந்த இந்திப் பாட்டுகள்மேல் இருந்தது. என்றைக்காவது இந்த ரேடியோப் பெட்டியிலிருந்து தன் குரலும் வரும் என்று கனவு கண்டதாகப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வேலூரில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு, கடல் தாண்டிய வானொலியில், தெரியாத மொழியில் பாடக் கனவு! கனவு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

வாழ்க்கை அவரை முதலில் ஸ்டேட் வங்கிக்குத்தான் கொண்டுபோனது. பிறகு கல்யாணம், பம்பாய். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது. கணவர் ஜெயராம் இசைப் பிரியர். மனைவியின் குரலைக் கேட்டு, இந்துஸ்தானியும் கற்றுக்கொள் என்று தூண்டினார். பாட்டியாலா கரானாவைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் சேர்ந்தார் வாணி. தும்ரி, கஸல், பஜன் எல்லாம் அங்கே பழகினார். மாதாமாதம் சம்பளம் தருகிற வங்கி வேலையை விட்டுவிட்டுப் பாட்டைப் பிடித்தார். இசையமைப்பாளர் வசந்த் தேசாய் 1971இல் "குட்டி" படத்தில் அவரைப் பாட வைத்தார். ஒரே படத்தில் இந்தியா முழுக்கப் பெயர். அதற்குப் பிறகு "அபூர்வ ராகங்கள்", "சங்கராபரணம்", "சுவாதி கிரணம்" என்று மூன்று தேசிய விருதுகள்.

எங்கள் வீடுகளில் மனைவி அடுப்படியில் நன்றாகப் பாடினால் கணவர் என்ன சொல்வார்? "டிவி சத்தம் கேக்கல" என்பார். வங்கி வேலையை விட்டுவிட்டுப் பாடு என்று நிற்கிற கணவர், அதுவும் அறுபதுகளின் கடைசியில்! அவர் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு கலைவாணி வாணி ஜெயராம் ஆனது எனக்கு வெறும் சம்பிரதாயமாகத் தெரியவில்லை. இந்தச் சீமை சம்பந்தப்பட்ட காதல் கதைகளில் இதற்குத்தான் முதல் தரம் கொடுப்பேன். 2018இல் ஜெயராம் மறைந்தார். 2023 ஜனவரியில் வாணிக்குப் பத்மபூஷண் அறிவித்தார்கள். அதை வாங்காமலே பிப்ரவரி 4ஆம் தேதி அவரும் போய்விட்டார். அன்று சாயங்காலம் எல்லா வேனிலும் மல்லிகைப் பாட்டுதான். யாரும் குத்துப் பாட்டு கேட்கவில்லை.

வேலூர்ப் பெண்ணுக்கு பம்பாயில் ஓர் அப்துல் ரஹ்மான் கஸல் சொல்லிக்கொடுத்தார். தமிழுக்கே கஸல் சொல்லிக்கொடுத்த இன்னோர் அப்துல் ரகுமான் எங்கள் பக்கத்தில் இருந்தார். கவிக்கோ. மதுரையில் பிறந்து 1961இல் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 1919இல் தொடங்கிய கல்லூரி அது. சுற்றிலும் உருது பேசும் தெருக்கள். தோல் மண்டியில் பகலெல்லாம் கணக்கெழுதிவிட்டு ராத்திரி முஷாயிராவில் கவிதை படிக்கிற பாய்கள் வாழும் ஊர். "வாஹ், வாஹ்!" என்று கூட்டம் கத்தும், நல்ல அடியை "முகர்ரர்!" என்று மறுபடி படிக்கச் சொல்லும். கஸலில் ஒவ்வோர் இரண்டடியும் தனித்தனியே நிற்கும். பெரும்பாலும் கிடைக்காத காதலைத்தான் பாடும். எனக்குத் தெரிந்த ஒரு பாய் நாற்பது வருஷம் கிடைக்காத காதலியைப் பற்றியே எழுதினார். அவர் வீட்டம்மா முஷாயிராவுக்கு அவர் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்புவார். "அந்த அம்மா கிடைச்சிருந்தா இந்த மனுசனுக்கு எழுத விஷயம் இருந்திருக்காது. எனக்குச் சட்டை துவைக்கிற வேலை மிச்சமாயிருக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார். கூட்டத்தில் அவரைவிடச் சத்தமாகச் சிரிப்பவர் கவிஞர்தான்.

கவிக்கோவின் "பால்வீதி" 1974இல் வந்தது. தமிழில் கனவின் தர்க்கத்தோடு எழுதப்பட்ட புத்தகங்களில் அதற்குத் தனி இடம் உண்டு. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான், வாணியம்பாடிக்கு மேலே ஜவ்வாது மலையில், காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவினார்கள். வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். இருட்டான வானம், தெற்கு வானமும் நன்றாகத் தெரியும். 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1988இல் அங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர். கீழே ஊரில் ஒருவர் பால்வீதி என்று கவிதை எழுதிக்கொண்டிருக்க, மேலே மலையில் அதையே கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தோல் வாசத்தைத் தவிர இங்கே ஒன்றுமில்லை என்றவர்கள் அண்ணாந்து பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

கனவென்றால் இந்தப் பக்கத்தில் முதலில் சொல்ல வேண்டிய ஊர் விரிஞ்சிபுரம். வேலூரிலிருந்து ஆம்பூர் வரும் வழியில் பாலாற்றங்கரையில் இருக்கிறது. "விரிஞ்சிபுரம் மதிலழகு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மதில் அழகுதான். எனக்கு அங்கே மனிதர்கள் உறங்குவது அதைவிட அழகு. கார்த்திகை மாதக் கடை ஞாயிற்றை ஒட்டிய நள்ளிரவில், பிள்ளை வேண்டும் பெண்கள் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் சிம்மக் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு கோயிலுக்குள் படுத்துத் தூங்குவார்கள். கனவில் பூவோ பழமோ வந்தால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. கார்த்திகைக் குளிர், ஈரச் சேலை, கருங்கல் தரை. அங்கே தூக்கம் வருவதே பெரிய வரம். எங்கள் சொந்தத்தில் ஒரு அண்ணி போனார். கனவில் ஒரு கிழவர் வந்து கத்தரிக்காய் கொடுத்தாராம். பூவும் இல்லை, பழமும் இல்லை, காய்! வீட்டில் பெரிய பஞ்சாயத்து. எங்கள் ஆயாதான் தீர்ப்பு சொன்னாள்: "கத்தரிக்காய் காய்க்கறதுக்கு முன்னாடி பூக்கலியா? போங்கடி, பிள்ளை பொறக்கும்." பிறந்தது. அந்தப் பையன் இன்றைக்கும் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் இல்லையென்றால் இலையில் உட்கார மாட்டான்.

ஆயா கனவுகளுக்கெல்லாம் பலன் வைத்திருந்தாள். பச்சைத் தோல் வந்தால் பணம். செருப்புத் தொலைந்தால் பயணம். ஒற்றைச் செருப்பு வந்தால் வரன் தேட ஆரம்பிக்கலாம், ஜோடி வரப்போகிறது. இந்த அகராதிக்கு அடங்காத ஒரே கனவு என் சின்ன மாமாவுடையது. அவருக்கு பேக்கிங் பிரிவில் வேலை. சரக்கு அனுப்புகிற கடைசி வாரங்களில் அவருக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும்: கன்டெய்னரைத் திறக்கிறார்கள், பெட்டிக்குள் அத்தனையும் இடது கால். எல்லாம் இடது கால்! ராத்திரி ரெண்டு மணிக்கு "வலது எங்கடி?" என்று கத்திக்கொண்டு எழுந்திருப்பார். அத்தை பதறவே மாட்டார். அவர் தோளைத் தொட்டு, "வலது வேற கன்டெய்னர்ல வருது, படுங்க" என்பார். மாமா உடனே தூங்கிவிடுவார். முப்பது வருஷத் தாம்பத்தியத்தின் ரகசியம் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பதிலைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

ஞாயிறு மதியக் கனவு தனி வகை. சீரகச் சம்பா அரிசியும், ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதும், தயிரும், கறியும் தம்மில் அடங்கிய பிரியாணியைத் தின்றுவிட்டுப் படுத்தால் வருகிற கனவுகளுக்கு ஆயாவே பலன் சொல்ல மறுத்துவிட்டாள். "அது வயித்துல வர்ற கனவு" என்று முடித்துக்கொள்வாள்.

எங்கள் பக்கத்துக் கூத்தையும் சொல்லாமல் விட முடியாது. பாரதக் கூத்து நடக்கிற நாட்களில் விடிய விடிய ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் கேட்கும். அர்ச்சுனன் காதலிக்கிற காதலுக்கெல்லாம் கட்டியங்காரன் நடுவில் புகுந்து கேள்வி கேட்பான்: "ஏம்பா ராஜா, போன வாரம் ஒரு கல்யாணம், இந்த வாரம் ஒரு கல்யாணமா? மொய் எழுதறவன் கதி என்ன?" அர்ச்சுனன் வேஷக்காரர் பகலில் டிரம் ஓட்டுகிறவராக இருப்பார். மறுநாள் முகத்தில் அரிதாரம் மிச்சமிருக்க வேலைக்கு வருவார். அன்றைக்கு யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

சரித்திரத்திலும் இந்தச் சீமையில் தோலும் கல்யாணமும் சேர்ந்தே வருகின்றன. 1805 கடைசியில் கும்பினியார் சிப்பாய்களுக்குத் தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டாயமாக்கினார்கள். நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை. மறு வருஷம் ஜூலை 9ஆம் தேதி வேலூர்க் கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். கல்யாணக் கூட்டம் கலைவதற்குள், ஜூலை 10 அதிகாலையில் வேலூர்ப் புரட்சி வெடித்தது. ராணிப்பேட்டையின் பெயரே ஒரு பிரிவின் பெயர். செஞ்சி தேசிங்கு ராஜா போரில் விழுந்ததும் உடன்கட்டை ஏறிய இளம் ராணியின் நினைவாக ஆற்காடு நவாப் உண்டாக்கிய பேட்டை என்று சொல்கிறார்கள். எதிரியின் மனைவிக்கு ஊர் எழுப்பிய நவாபை நான் மதிக்கிறேன். அந்தப் பெண் உயிரோடு இருந்திருந்தால் இன்னும் மதித்திருப்பேன்.

இவ்வளவு ஆசையோடு எழுதும்போது ஆற்றைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். பாலாறு எங்கள் வேலைக்கும் சோற்றுக்கும் கொடுத்த விலை பெரிது. தோல் கழிவு ஆற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை இந்தியாவின் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் படிக்கிறார். கெடுத்தவர் விலை தர வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாகக் காலூன்றியது அந்த வழக்கில்தான். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி பேச வேண்டியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் கசந்து, கரையோரத் தென்னை கருகிய வீடுகளில் காதல் பாட்டு சுலபத்தில் எடுபடாது. ஆற்றைத் திருப்பித் தருவது தோல் முதலாளிகளும் அரசும் இந்த மக்களுக்குப் பட்ட கடன். தரம் பிரிக்கிற நைனாவும் அப்பர் தைக்கிற அக்காவும் ஆற்றைக் கெடுக்க முடிவெடுத்தவர்கள் அல்லர். அவர்கள் கையில் இருந்தது வேலை மட்டும்.

அந்த வேலைக்கு நடுவில்தான் அவர்கள் பாடுகிறார்கள். இதைத்தான் நான் சொல்ல வந்தேன். உலகத்தின் எந்தெந்த ஊரிலோ நடக்கிற கால்களுக்குச் செருப்புத் தைக்கிற பெண்கள், மெஷின் இரைச்சலுக்குள் சுருதி பிடித்துப் பாடுகிறார்கள். கேட்க ஆளில்லை. டிரைவர் அண்ணனையும் பக்கத்து மெஷினையும் தவிர யாரும் கேட்டதில்லை.

ஆகவே எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. வாணி ஜெயராம் பிறந்த நாளான நவம்பர் 30 அன்று, ஒவ்வொரு வருஷமும், வேலூர்க் கோட்டைக்கு வெளியே உள்ள மைதானத்தில் ஒரு பாட்டு மாலை நடத்துங்கள். சென்னையிலிருந்து பாடகரைக் கூட்டி வர வேண்டாம். கம்பெனி வேன்களில் பாடுகிற பெண்களை ஏற்றுங்கள். வாணியம்பாடி பாய்கள் இரண்டு கஸல் படிக்கட்டும். கட்டியங்காரன் நிகழ்ச்சியைத் தொகுத்துக் கொடுக்கட்டும். கம்பெனி முதலாளிகள் அன்றைக்கு ஓ.டி. இல்லாமல் பெண்களை நேரத்தோடு விட வேண்டும்; வேனையும் கொடுக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் ஒரு மேடையும் நல்ல மைக்கும் தர வேண்டும். பெரிய செலவில்லை.

நெடுஞ்சாலையில் பெங்களூருக்கும் சென்னைக்கும் பறக்கிறவர்களே, நீங்கள் எப்படியும் பிரியாணிக்கு நிறுத்தத்தான் போகிறீர்கள். அன்று மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்று பாட்டையும் கேட்டுவிட்டுப் போங்கள். வரும்போது நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். எங்கள் ஊரில் பார்ப்பார்கள்.